ஓட்டை கீழே, ஒழுக்கு மேலே: ஒரு 1969 ஃபியட்டின் தரையை மாற்றிய கதை

முன்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவின் செருப்புக் குதி, கார்பெட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிட்டது. வண்டி கேட்டுக்குள் நின்றிருந்ததால் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இனி இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று அந்த அம்மா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். மறுநாள் காலை அவருடைய கணவர் எனக்குப் போன் செய்தார். 1969 மாடல் ஃபியட் 1100 டிலைட், அவருடைய அப்பா வாங்கியது, திருவான்மியூர் வீட்டுப் போர்டிகோவில் நிற்கிறது. "மிக்ஜாம் புயல்ல உள்ள தண்ணி ஏறிடுச்சு தம்பி. அதுல போனதுதான்" என்றார்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த அந்தத் தண்ணீர் சென்னையில் எத்தனையோ வண்டிகளைக் கெடுத்தது உண்மை. ஆனால் அவர் பேசியது 2024 பிப்ரவரியில். இரண்டே மாதத்தில் தகடு செருப்புக் குதிக்கு வழிவிடும் அளவுக்கு இற்றுப் போகாது. புதுத் துரு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், கையால் தேய்த்தால் மஞ்சள்பொடி மாதிரி ஒட்டும். பழைய துரு கருஞ்சிவப்பாக, முட்டை பப்ஸைப் போல ஏடு ஏடாகப் பிரியும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் அது உள்ளே இருந்தே தகட்டைப் பிரித்துத் தள்ளும். ஷெட்டுக்கு வந்த வண்டியில் கார்பெட்டைத் தூக்கியதும் நான் பார்த்தது அந்தப் பப்ஸைத்தான்.

அடுத்து ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தோம். மேலே கார்பெட். அதன் கீழே சணல் ஃபெல்ட், ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் மட்டும் பிழிந்தால் சொட்டும் ஈரம். வண்டி மூன்று வாரமாக வெயிலில் நின்றிருந்தும் அந்த ஈரம் போகவில்லை. ஃபெல்ட்டுக்குக் கீழே தார் ஷீட். தார் ஷீட்டுக்குக் கீழே துத்தநாகம் பூசிய ஒரு ஜிஐ தகடு, பாப் ரிவெட் அடித்து ஓரத்தில் எபாக்சி பூசியது. அதையும் பெயர்த்தால் கேஸ் வெல்டிங்கில் வைத்த இன்னொரு பேட்ச், எப்போது வைத்தது என்று உரிமையாளருக்கே ஞாபகம் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரிஜினல் தரை, அல்லது தரை இருந்ததற்கான அடையாளம். இரண்டு தடவை ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள், இரண்டு தடவையும் இற்ற தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். போர்த்திய தகட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவே தண்ணீர் குடியிருக்க ஒரு மெல்லிய இடைவெளி. அதற்குமேல் ஒரு காரியம் வேறு செய்திருந்தார்கள். தரையில் தண்ணீர் வடிவதற்காக இருந்த துளைகளில் ரப்பர் மூடிகளை எடுத்துவிட்டு, அடியிலிருந்து தார் பூசி அடைத்திருந்தார்கள். புயல் தண்ணீர் உள்ளே வந்தது நிஜம்தான், அது வெளியே போக வழியில்லை என்பதுதான் சிக்கல். இருந்தாலும் அது இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயத்தைத் தேட வேண்டியிருந்தது.

பெரும்பாலான ஷெட்டுகளில் இந்த இடத்தில் கிரைண்டரை எடுத்துவிடுவார்கள். நான் எடுக்க விடவில்லை. எங்கள் டிங்கரிங் பாய் என்னைவிட இருபது வயது மூத்தவர், சும்மா நிற்பது அவருக்குப் பிடிக்காது. "தம்பி, இத வெட்டாம என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போகிறேன் என்றேன். சீட், கார்பெட், டோர் பேட் எல்லாவற்றையும் கழற்றி, தரை முழுக்கப் பழைய தினசரித் தாளைப் பரப்பினோம். ஹோஸ் பைப்பில் லேசாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து மேலாக ஏறினோம். இந்த வரிசை முக்கியம். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எந்த வழியாக நுழைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கதவின் அடிப்பாகம் பத்து நிமிடம், கதவு ரப்பர் பத்து நிமிடம், அப்புறம் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள பகுதி. தாள் காய்ந்தே இருந்தது.

இடதுபக்க வைப்பர் தண்டின் மேல் தண்ணீர் விழுந்து நான்கு நிமிடம் இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச்சோடு படுத்திருந்தேன். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே சுவராக நிற்கும் ஃபயர்வால் தகட்டில் ஒரு சொட்டு முளைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியது. அப்புறம் வயரிங் கட்டின் மேல் இறங்கி, அதையே பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரம் நடந்து, தகட்டின் மடிப்பில் நுழைந்து காணாமல் போனது. அரை நிமிடம் கழித்து அந்த அம்மாவின் கால் இறங்கிய இடத்துக்கு நேர் மேலே இருந்து தாளில் 'டொப்' என்று விழுந்தது. வைப்பர் தண்டைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் கல்லாகிப் பிளந்திருந்தது. முன்கண்ணாடி பீடிங்கின் இடது கீழ் மூலையும் சுருங்கியிருந்தது, அதன் வழியாக இன்னொரு ஒழுக்கு. ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு தடவை வண்டி கழுவும்போதும், இப்படி ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போய் ஃபெல்ட்டில் ஊறியிருக்கிறது. கடல் பக்கத்து வீடு, காற்றில் உப்பு வேறு. பழைய காரின் தரை சாலைத் தண்ணீரால் அடியிலிருந்து இற்றுப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் திறந்து பார்த்தவற்றில் பாதிக்கு மேல் உள்ளே இருந்து இற்றவைதான்.

அடுத்தது, எவ்வளவு வெட்டுவது என்ற கேள்வி. உரிமையாளரின் கோரிக்கை எளிமையானது: "ஒரு தகடு வச்சு அடிச்சுக் குடுத்துடுங்க, நான் என்ன ரேஸுக்கா போறேன்?" ஜீப்பாக இருந்தால் யோசித்திருப்பேன். ஜீப்புக்குத் தனி சேசிஸ் உண்டு, பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஃபியட் 1100-க்கு 1953-லிருந்தே தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். தரை, கதவுக்கு அடியில் பெட்டி மாதிரி ஓடும் ரன்னிங் போர்டு, நடுவில் புரொபெல்லர் ஷாஃப்ட் ஓடும் மேடு, அடியில் நீளவாக்கில் வெல்ட் செய்த யூ சட்டம், எல்லாம் சேர்ந்துதான் கிட்டத்தட்ட 900 கிலோ வண்டியைத் தாங்குகின்றன. தரை போனால் கால் வைக்கும் பலகை மட்டும் போகவில்லை, வண்டியின் முதுகெலும்பில் ஒரு துண்டு போய்விட்டது. இதை அவருக்கு விளக்க, இடதுபக்கக் கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். கதவு பூட்டு வாயில் நேராக உட்காரவில்லை, கொஞ்சம் தூக்கித்தான் மூட வேண்டியிருந்தது. "அது ரொம்ப வருஷமா அப்படித்தான்" என்றார். ரொம்ப வருஷமாகவே வண்டி நடுவில் தொய்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. 2021-இல் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று ஒரு தனி வகையைக் கொண்டுவந்தது, நம்பரில் 'விஏ' என்று வரும், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். பாடியிலோ சேசிஸிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. தரையை மாற்றினால் அது போய்விடுமா என்று கேட்டார். விண்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம், மற்றபடி அன்றாடம் ஓட்ட முடியாது என்று நான் சொன்னதும் அந்த ஆசை அவருக்கே விட்டுப்போனது. வெள்ளிக்கிழமை மருந்தீஸ்வரர் கோயிலுக்கும் மகள் வீட்டுக்கும் போக வேண்டும், அவருக்கு அதுதான் முக்கியம். பழையபடி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவே போதும் என்று முடிவானது. ஆனாலும் வடிவம், வரிப்பள்ளம், துளை எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும் என்று நானே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வைத்தோம்.

சாக்பீஸால் எல்லையைக் குறிப்பது பாயின் வேலை. ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டே போவார். 'டங்' என்றால் நல்ல தகடு, 'தப்' என்றால் போனது. தப் முடிந்த இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் கோடு. இடதுபக்கம் கால் வைக்கும் சரிவிலிருந்து பின்சீட் அடி வரை முழுத் தரை, வலதுபக்கம் முன்பாதி, இடதுபக்க யூ சட்டத்தில் முதல் ஒன்றரை அடி. இவ்வளவும் போனது. பின்சீட்டுக்கு அடியில் தகடு தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. அங்கே வெர்னியர் வைத்துப் பார்த்தால் 0.9 மில்லி, அதாவது நம் ஊர்க் கணக்கில் 20 கேஜ்.

தகடு எங்கே கிடைக்கும்? ஜெர்மன் பீட்டில் காருக்கும் அமெரிக்க மஸ்டாங்குக்கும் தரைத் தகட்டை அச்சில் அழுத்தி, வரிப்பள்ளத்தோடு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நம் ஃபியட்டுக்கு அப்படிக் கொடுத்துவைக்கவில்லை. பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில், இதே ஃபியட்டின் பிற்கால வடிவமான ஒரு பத்மினியின் தரையை அப்படியே வெட்டி வைத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் அதே இடது மூலை, அதே பப்ஸ். நோயாளிக்கு இன்னொரு நோயாளியின் கிட்னியை வைப்பது மாதிரிதான். மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போய்விட்டது, இனி உடைசலில் கூட இவை அருகிக்கொண்டுதான் வரும். ஆக, பூச்சில்லாத வெறும் இரும்புத் தகடான சிஆர் ஷீட் புதிதாக வாங்கி நாமே செய்வது என்று ஆனது.

பாய் 18 கேஜ் கேட்டார். கனமான தகடு பலம் என்பது அவர் கணக்கு. நான் 20 கேஜ்தான் என்று நின்றேன். பழைய தகடு 0.9 மில்லி, 18 கேஜ் 1.2 மில்லி. கனத்ததையும் மெலிந்ததையும் சேர்த்து வெல்ட் செய்தால் கனத்தது உருகுவதற்குள் மெலிந்தது ஓட்டை விழுந்துவிடும். கடையில் ஜிஐ ஷீட்டையும் எடுத்துக் காட்டினார்கள், துரு பிடிக்காது என்று. அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல்தான். பூச்சை உரசி எடுத்துவிட்டு வெல்ட் செய்வதென்றால் அதற்குக் கொடுத்த காசு எதற்கு?

வெட்டுவதற்கு முன் ஒரு முழு நாள் அளவெடுப்பிலேயே போனது. வண்டியைப் பாடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்காமல், நான்கு சக்கரத்தின் அடியிலும் மரக்கட்டை அடுக்கி, தன் எடையைத் தானே தாங்கும்படி நிறுத்தினோம். தொய்வை எடுக்க நடுவில் ஸ்க்ரூ ஜாக் கொடுத்து, மரப்பலகை வைத்து, நாளொன்றுக்குக் கால் சுற்றாக ஏற்றினோம். மூன்றாம் நாள் கதவு தானாகப் பூட்டில் உட்கார்ந்தது. அந்த நிலையில் கதவுகளைக் கழற்றி, வாசல்களின் குறுக்கே ஒரு இஞ்ச் சதுர பைப்பை வெல்ட் செய்தோம். இரண்டு பக்கமும் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துச் சுவரில் எழுதிவைத்தோம். பேட்டரியையும் டிக்கியிலிருந்த பெட்ரோல் டேங்கையும் அடியில் ஓடும் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய்களையும் கழற்றியாயிற்று. இடதுபக்கம் முழுக்க முடியும் வரை வலதுபக்கத்தைத் தொடவில்லை. இரண்டு பக்கத் தரையையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வண்டி எந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிங் வீல், தூசி, சத்தம். ஸ்பாட் வெல்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்தோம், அவசரப்பட்டு உளியால் பெயர்த்தால் கீழே உள்ள நல்ல தகடு கிழிந்துவிடும். மேட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த தார் ஒரு தடவை பற்றிக்கொண்டது. நனைத்த சாக்கு பக்கத்திலேயே இருந்ததால் புகையோடு போயிற்று.

ரசித்துப் பார்த்த வேலை வரிப்பள்ளம் எடுத்ததுதான். தரைத் தகடு தட்டையாக இருந்தால் எண்ணெய் டின்னின் மூடியை அமுக்கியது மாதிரி காலை வைத்ததும் 'டொக்' என்று உள்ளே போய், எடுத்ததும் 'டொக்' என்று வெளியே வரும். ஓடும்போது வண்டி முழுக்க அதிரும். அதற்காகத்தான் தொழிற்சாலையில் நீளநீளமாகப் பள்ளம் அழுத்தியிருப்பார்கள். அதற்கான உருளை மிஷின் எங்களிடம் இல்லை. பாய் ஒரு கனத்த இரும்புப் பலகையில் இரண்டு சதுரக் கம்பிகளை அரை இஞ்ச் இடைவெளி விட்டு வெல்ட் செய்தார். அதன் மேல் தகட்டை வைத்து, கோட்டின் மேல் வாய் மழுங்கிய அகல உளியைப் பிடித்து, சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். ஒரே இடத்தில் ஆழமாக அடிக்கவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பட்டும் படாமலும் ஒரு ஓட்டம், திரும்ப வரும்போது கொஞ்சம் ஆழம், மறுபடி ஒரு ஓட்டம். ஒரு பள்ளத்துக்கு ஏழெட்டு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சத்தம் மாறும், தொளதொளவென்று இருந்தது இறுகி, கடைசியில் தகட்டின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடவில்லை. ஆறு பள்ளம், ஒன்றரை நாள். யூ சட்டத்துக்கான துண்டை மட்டும் 16 கேஜில், அம்பத்தூரில் ஒரு பெண்டிங் பட்டறையில் மடக்கி வாங்கினோம்.

வெல்டிங்கில் பாய்க்கும் எனக்கும் மறுபடி முட்டியது. ஆயுள் முழுக்க கேஸில் வெல்ட் செய்த கை அது. சரி, பார்த்துவிடலாம் என்று இரண்டு துண்டுத் தகடுகளைக் கொடுத்தேன். அவர் கேஸில் ஒட்டியதும் அழகான கோடு, ஆனால் தகடு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. கேஸின் சூடு பரவலாக இறங்கும், அகலமான தட்டைத் தகட்டுக்கு அது ஆகாது. கம்பியை மின்சாரத்தில் உருக்கி ஒட்டும் சிஓ2 மிஷினில் 0.8 மில்லி கம்பியோடு, முக்கால் இஞ்ச் அளவுக்குத் தையல் தையலாகப் போட்டோம். ஒன்று இந்த மூலையில், அடுத்தது எதிர் மூலையில். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தாங்கினால்தான் பக்கத்தில் அடுத்த தையல். ரன்னிங் போர்டு ஓரத்திலும் மேட்டின் ஓரத்திலும் அரை இஞ்ச் மேலேற்றி, பழைய ஸ்பாட் இருந்த இடைவெளியிலேயே எட்டு மில்லி துளை போட்டு அதை நிரப்பி வெல்ட் செய்தோம். இரண்டு தகடும் முகம் சேரும் இடத்தில் வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர். மூடியபின் அங்கே பிரஷ் போகாது, அதனால் முன்கூட்டியே பூசிவிட வேண்டும்.

இனி என் தவறு. முன்சீட் ரெயிலுக்கான துளைகளை வெட்டுவதற்கு முன்பே அளந்து எழுதியிருந்தேன், ரன்னிங் போர்டின் உள்விளிம்பிலிருந்து இத்தனை மில்லி என்று. நான் விளிம்பென்று நினைத்தது ரன்னிங் போர்டின் விளிம்பே இல்லை, பழைய கேஸ் பேட்சின் மடிப்பு. அது உண்மையான விளிம்பிலிருந்து 14 மில்லி உள்ளே இருந்தது, பேட்ச் போனதும் அளவின் ஆதாரமும் போய்விட்டது. புதுத் தரையில் சீட்டை வைத்து முன்னே தள்ளினால் பாதியில் சிக்கியது, இரண்டு ரெயிலும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பாய் ஒன்றும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். நான்கு துளையையும் அடைத்து, வலதுபக்க சீட்டிலிருந்து அளவெடுத்து, அடியில் கனத்த தகடு கொடுத்து மறுபடி போட்டேன். இப்போதெல்லாம் வெட்டப் போகாத இரண்டு இடங்களிலிருந்துதான் அளவெடுக்கிறேன்.

தரை முடிந்ததும் எபாக்சி பிரைமர் அடித்தோம். சாதாரண ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விட்டுவிடும், மேலே நல்ல பெயின்ட் இல்லாவிட்டால் அதை நம்பக் கூடாது. இணைப்புகளில் மேலும் கீழும் சீம் சீலர், அடியில் மட்டும் மெல்லிசாக அண்டர்கோட்டிங், ரன்னிங் போர்டுக்குள் மெழுகு. வடிகால் துளைகள் பழைய இடத்திலேயே, புது ரப்பர் மூடியோடு. தார் ஷீட்டும் சணல் ஃபெல்ட்டும் மறுபடி வேண்டாம், தூக்கிப் பார்க்க முடிகிற ரப்பர் மேட் போதும் என்றேன். உரிமையாளருக்கு மனசில்லை, ஃபியட்டில் கார்பெட்தான் அழகு என்றார். ரப்பர் மேட்டின் மேல் ஒட்டாத கார்பெட் என்று சமாதானமானோம்.

வைப்பர் ரப்பரும் கண்ணாடி பீடிங்கும் மாற்றியபின் மறுபடி தினசரித் தாளைப் பரப்பித் தண்ணீர் விட்டோம். இடதுபக்கம் காய்ந்த தாள். வலதுபக்கம் பெடலுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். ஸ்பீடோமீட்டர் கேபிள் ஃபயர்வாலைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையமே இல்லை. இருபது ரூபாய்ச் சாமான். அது மட்டும் விட்டுப்போயிருந்தால் வலதுபக்கத் தரைக்கு இன்னொரு கதை எழுத வேண்டி வந்திருக்கும். மொத்தம் 23 வேலை நாள், அதில் வெல்டிங் நான்கே நாள். கதவைப் பூட்டி குறுக்களவை மறுபடி எடுத்தபோது சுவரில் எழுதியதற்கும் இதற்கும் இரண்டு மில்லிதான் வித்தியாசம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் போன் செய்தார். ரப்பர் மேட்டுக்கு அடியில் தாள் போட்டு வைத்திருக்கிறாராம், மழை விட்டதும் எடுத்துப் பார்க்கிறாராம், காய்ந்துதான் இருக்கிறதாம். அம்மா ஏறினார்களா என்று கேட்டேன்.

"ஏறிட்டா. பின்சீட்டுல."